பத்தடி அறைக்கு இரண்டு டன் குளிர்

"ஜன்னலைத் திறந்து வைங்க, நல்ல காத்து உள்ள வரட்டும்" என்று அந்த டாக்டர் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை முழுசாக அடங்கவில்லை. மனிதர் நல்லவர், பொறுமையாகப் பேசுகிறவர். ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது நகரத்தின் இன்னொரு மூலையில், மரம் வைத்த தெருவில். நாங்கள் இருப்பது திருவொற்றியூரில். எங்கள் தெருவில் ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவதற்குக் காற்று என்று யார் பெயர் வைத்தது என்று அவரிடமே கேட்டுவிட்டேன். மேசைக்குக் கீழே என் மனைவி என் காலை மிதித்தாள்.

அவளுக்கு மூச்சிரைப்பு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதலில் மாடிப்படி ஏறும்போது மட்டும் இருந்தது. பிறகு தையல் மிஷினை மிதிக்கும்போது வந்தது. கடைசியில் சும்மா உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கும்போதுகூட நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி சத்தம் கேட்க ஆரம்பித்தது. இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம், குறையவில்லையென்றால் அந்த இடத்தை விட்டுப் போவதுதான் வழி என்று டாக்டர் முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "நா எங்கயும் வரமாட்டேன்யா. நாலு தெரு ஜாக்கெட்டு என் கையில கீது. வேற எடத்துக்குப் போனா என்ன யாருக்குத் தெரியும்? மறுபடியும் முதல்லருந்தா?"

நானும் போவதாக இல்லை. நான் பிறந்த தெரு அது. எங்கேயோ இருந்து வந்த புகைபோக்கிகள் இருக்கலாம், அங்கேயே பிறந்தவன் போக வேண்டுமா? அதனால் ஏசி வாங்குவதென்று முடிவு செய்தேன்.

எங்கள் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடல் பக்கத்திலிருந்து அடிக்கிறவரை பரவாயில்லை, உப்பும் மீன் வாடையும்தான். வடக்கே எண்ணூர்ப் பக்கம் திரும்பிவிட்டால் கழுவிக் கவிழ்த்த தட்டில் விரலை வைத்தால் கறுப்பாக ஒட்டும். சில காலைகளில் மூக்கு எரியும், கண்ணில் நீர் வரும். எந்தப் புகைபோக்கி என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பழைய புடவையை நனைத்துப் பிழிந்து ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவோம். சாம்பலையும் நாற்றத்தையும் ஈரத்துணி பிடித்துக்கொள்ளும். மாலையில் அவிழ்த்து அலசினால் வாளித் தண்ணீர் கறுத்துப் போகும். அந்தக் கறுப்பைப் பார்ப்பதில் ஒரு திருப்திகூட எங்களுக்கு உண்டு, நெஞ்சுக்குள் போகாமல் துணியிலேயே நின்றுவிட்டதே என்று.

ஏசி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். துறைமுகத்தில் குளிர் கண்டெய்னர்கள் நிற்கிற இடத்தில் எனக்கு வேலை. வரிசையாக நிற்கும் பெட்டிகளுக்குள் ஒன்றில் இறால், ஒன்றில் வெளிநாட்டு ஆப்பிள், ஒன்றில் மருந்து. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் நின்று, திரையில் தெரிகிற அளவைப் பார்த்து, வைத்த அளவுக்கும் இருக்கிற அளவுக்கும் வித்தியாசம் இருந்தால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். அரை டிகிரி ஏறினால் மேலதிகாரி போன் மேல் போன் போடுவார். ஆப்பிளுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது. என் மனைவி மூன்று வருஷமாக மூச்சு வாங்கினாள், அவளுக்காக ஒரு போனும் வந்ததில்லை.

கடையில் விற்பனைக்கு நின்ற பெண் முதலில் கேட்டதே, "ரூம் என்ன அளவு சார்?" என்றுதான்.

"பத்துக்குப் பத்து."

"அப்ப ஒரு டன் போதும் சார்."

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது அடிப் பெட்டியைக் குளிர வைக்கிறவனிடம் வந்து ஒரு டன் என்கிறாள். "இத பாரும்மா, குளிருக்கு நா பொறந்தவன். ரெண்டு டன் எடு" என்றேன். அவள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். சின்ன அறைக்குப் பெரிய மிஷின் போட்டால் சரியாக வேலை செய்யாது என்றாள். பெரிய மிஷின் எப்படியம்மா சரியாக வேலை செய்யாமல் போகும் என்று சிரித்தேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். அந்தப் பெண் பில் போடப் போய்விட்டாள்.

மிஷின் வந்து மாட்டின அன்றே என் வேலையை ஆரம்பித்தேன். சுவரின் மேலே இருந்த காற்றுத் துவாரத்தைத் தெர்மாகோல் வைத்து அடைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டினேன். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப். கண்டெய்னர் கதவில் போடுகிற கறுப்பு ரப்பரில் கழித்துப்போட்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து எங்கள் அறைக் கதவின் அடியில் அடித்தேன். கதவைச் சாத்தினால் 'டப்' என்று அமுங்கிய சத்தம் வரும். ஒரு தூசு நுழைய முடியாது. அதற்கு மேலும் ஒரு காவல் இருக்கட்டும் என்று அவள் வழக்கம்போல ஈரப் புடவையைக் கட்டினாள். வெளியே கட்டினால் ஜன்னலைச் சாத்த முடியவில்லை, அதனால் உள்பக்கம் கட்டினாள். ஏசி காற்று தோலைக் காய வைக்கும் என்று யாரோ சொன்னார்களாம், மூலையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நல்லது என்றுதான் நினைத்தேன்.

முதல் வாரம் எங்கள் வீடு எங்களுக்கே புதிதாக இருந்தது. சுவிட்சைப் போட்ட ஐந்தாவது நிமிஷம் அறை ஜில்லென்று ஆகிவிடும், மிஷின் 'டக்' என்று நின்றுவிடும். "பாத்தியா, அஞ்சே நிமிஷம்" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்தேன். அவள் தையல் மிஷினை அந்த அறைக்கே கொண்டுவந்துவிட்டாள். ஜாக்கெட் கொடுக்க வந்த பெண்கள் அளவு கொடுத்த பிறகும் எழுந்து போக மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவது வாரம் அவள் சொன்னாள்: "இன்னாவோ மாதிரி கீதுய்யா. சில்லுனுதான் கீது, ஆனா மேலெல்லாம் பிசுபிசுங்குது. துணிய தொட்டா ஈரமா கீது."

"குளிர்ன்னா அப்டித்தான் இருக்கும்" என்று இன்னும் இரண்டு டிகிரி குறைத்தேன். அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தைத்தாள். பிசுபிசுப்பு போகவில்லை. இன்னும் குறைத்துப் பதினெட்டில் வைத்தேன். மிஷின் ஐந்து நிமிஷம் ஓடும், பதினைந்து நிமிஷம் நிற்கும், மறுபடி ஐந்து நிமிஷம் ஓடும்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. ஊசி குத்தி வைக்கும் சின்னத் தலையணையில் ஊசிகள் துருப்பிடித்து நின்றன. ஒரு கல்யாணப் பட்டு ஜாக்கெட்டில் துருப்புள்ளி விழுந்து, அந்த வீட்டுக்காரப் பெண் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாள். அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் மூச்சு முன்பைவிட மோசமாகிவிட்டது. முன்பு வேலை செய்தால்தான் விசில் கேட்கும். இப்போது படுத்தாலும் கேட்டது. தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாள்.

எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். கடைக்குப் போன் போட்டுத் திட்டினேன். அவர்கள் ஒரு மெக்கானிக்கை அனுப்பினார்கள். அவன் மிஷினை அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில், "கேஸ் இறங்கிடுச்சு சார், ஏத்தணும்" என்றான்.

"கேஸ் எறங்குனா ரூம் அஞ்சு நிமிஷத்துல எப்டிப்பா சில்லுனு ஆவும்? யார் கிட்ட வந்து கத வுடற? நா துறைமுகத்துல ரீஃபர்ல, குளிர் பொட்டியில வேல செய்றவன்" என்றேன். அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னது சரி. அதைத் தவிர நான் செய்த எதுவும் சரியில்லை என்பது அடுத்து வந்தவரால்தான் தெரிந்தது.

அடுத்து வந்தவர் வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஏசி ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் பாய். என்னோடு வேலை செய்கிறவர் சொல்லி அனுப்பினார். மனிதர் அறைக்குள் வந்தார், ஒரு நிமிஷம் சும்மா நின்றார், சுவரைத் தொட்டுப் பார்த்தார், ஈரப் புடவையைத் தொட்டுப் பார்த்தார், தண்ணீர்ப் பாத்திரத்தைப் பார்த்தார். மிஷினைத் தொடவே இல்லை. நேரே வெளியே போய்த் தண்ணீர் வெளியேறும் குழாய் முனையில் கையை ஏந்திக்கொண்டு நின்றார்.

"இன்னா பாய், அங்க நின்னுகினு கீறீங்க?"

"தண்ணி வருதான்னு பாக்கறேன் நைனா. ஒண்ணியும் வர்ல."

"தண்ணி ஒழுகலன்னா நல்லதுதான?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் இருபத்திரண்டு வருஷ வேலையும் கரைந்து போயிற்று. உள்ளே வந்து உட்கார்ந்து சொன்னார். ஏசிக்கு ஒரு வேலை இல்லை, இரண்டு வேலை. ஒன்று காற்றைக் குளிர வைப்பது. இன்னொன்று அந்தக் காற்றிலிருக்கிற ஈரத்தைப் பிழிந்து வெளியே அனுப்புவது. உள்ளே இருக்கிற சில்லென்ற கம்பிச் சுருள் மேல் காற்று பட்டால், ஐஸ் தண்ணீர் ஊற்றின டம்ளருக்கு வேர்ப்பதுபோல அதற்கு வேர்க்கும். அந்த வேர்வை சொட்டிச் சேர்ந்து குழாய் வழியாகப் போக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். மிஷின் நிற்காமல் நிதானமாக ஓட வேண்டும்.

"உன் மிஷினு ரூமுக்கு ரொம்பப் பெருசு. அஞ்சு நிமிஷத்துல குளிராக்கிட்டு, வேல முடிஞ்சிச்சுன்னு நின்னுடுது. சுருள் மேல சேந்த தண்ணி சொட்டறதுக்கு முன்னாடியே நின்னுட்டா அது எங்க போவும்? ஃபேன் மட்டும் சுத்திகினு கீது, அந்த ஈரத்தத் திரும்ப ரூமுக்குள்ளயே ஊதுது. அது பத்தாதுன்னு ஈரப் பொடவ வேற. பாத்திரத்துல தண்ணி வேற. அதுங்க எல்லாத்துலருந்தும் ஈரம் ஏறிகினே கீது. மூடின ரூமு, சில்லுனு, ஈரம். பூசணத்துக்கு இத விட இன்னா வோணும்?"

கடையில் அந்தப் பெண் சொன்னதும் இதைத்தான். நான்தான் சிரித்தேன்.

அவர் மேலே அண்ணாந்து தெர்மாகோலைப் பார்த்தார். "அது இன்னா?"

"சாம்பல் வராம அடச்சிகீறேன்."

"துறைமுகத்துல பெட்டிங்கள்ல ஒரு காத்து ஓட்ட இருக்குமே, அத்த தொறந்து வெப்பியா, மூடி வெப்பியா?"

இது எனக்குத் தெரிந்த கேள்வி. தயங்காமல் சொன்னேன். "சரக்கப் பொறுத்தது பாய். இறால், மீனுன்னா இறுக்கி மூடிடுவோம், அது ஒறஞ்சு கெடக்கற சரக்கு. ஆப்பிளு, பழம்ன்னா தொறந்து வெக்கணும். பழம் மூச்சு வுடும், உள்ளயே அடச்சா அழுவிப் போவும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே புரிந்தது. என் மனைவி தையல் மிஷின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டாள்: "அப்போ... என்ன... மீனுன்னு நெனச்சிகினியாய்யா?"

அவள் சிரிப்பதற்காகத்தான் கேட்டாள். பாயும் சிரித்தார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆப்பிளுக்குக் காற்று சரியாகப் போகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன், வீட்டில் உயிரோடு இருக்கிற ஒருத்தியை இறால் பெட்டி போல அடைத்து வைத்தேன். அதுவும் பாசத்தோடு, ரப்பர் வைத்து.

பாயே வழி செய்தார். என் இரண்டு டன்னைப் பெரிய கூடம் உள்ள ஒருவருக்குக் கொடுத்து, அவருக்குப் போதாமலிருந்த ஒரு டன்னைக் கொண்டுவந்து மாட்டினார். இருபத்தாறில் வைக்கச் சொன்னார். மழைநாளில் ஈரம் எடுக்கிற முறையில் ஓட்டச் சொன்னார். புடவையை அவிழ்த்தோம், பாத்திரத்தை எடுத்தோம், தெர்மாகோலைப் பிய்த்தேன், பூசணத்தைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தேன். சூட்டையும் ஈரத்தையும் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றையும் வாங்கி மாட்டினேன். முதல் நாள் அதில் ஈரம் எண்பத்து மூன்று சதவீதம். குழாயின் கீழ் ஒரு வாளி வைத்தோம். சாயங்காலத்துக்குள் வாளி நிறைந்துவிட்டது. அந்த வாளியை நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினேன். இவ்வளவு தண்ணீரையும் இவள் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான்கு நாளில் கருவி ஐம்பத்தைந்துக்கு வந்தது. துணி காய்ந்தது, ஊசி பளபளத்தது. அவள் ஒரே தலையணையில் படுத்தாள். ஒரு வாரம், பத்து நாள், விசில் கேட்கவே இல்லை. அந்தக் கடைப் பெண்ணைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு என்னை ஞாபகமே இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

காற்று வடக்கே திரும்பியது. நான் திறந்துவிட்ட துவாரம் வழியாக அது நேரே உள்ளே வந்தது. காலையில் எழுந்தபோது வெள்ளையடித்த சுவரில் துவாரத்துக்குக் கீழே கறுப்பாகக் கோடு இறங்கியிருந்தது. மூக்கில் அந்த எரிச்சல். அவள் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பேச முடியவில்லை, கையால் நெஞ்சைக் காட்டினாள். கருவியைப் பார்த்தேன். இருபத்தாறு, ஐம்பத்தைந்து. இரண்டும் அச்சு அசலாகச் சரியாக இருந்தன. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அவள் மூச்சு சரியாகி வீடு வந்ததும், இதற்கு என்ன வழி என்று பாயைக் கேட்டேன். அவர் முதல் தடவையாகக் கையை விரித்தார். "நைனா, ஏசி குளிராக்கும், ஈரத்த எடுக்கும். வெளிய இருந்து வர்றது கலீஜா இருந்தா அதுக்கு நா இன்னா பண்றது? தொறந்தா புகை, மூடுனா பூசணம். நா மெக்கானிக்கு."

அவர் நேர்மையாகச் சொன்னார். ஆனால் அப்படிச் சொல்லக் கூடாதவர்கள் இருக்கிறார்களே. புகையைப் பற்றிப் புகார் கொடுக்கப் போன அரசு அலுவலகத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனதும் குளுகுளுவென்று இருந்தது, நல்ல காய்ந்த குளிர், எனக்கு இப்போது அந்த வித்தியாசம் தெரியும். அந்த அதிகாரி காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "வீட்டுல ஏசி இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே? அப்புறம் என்ன? ஜன்னலைச் சாத்திக்கிட்டு ஏசியைப் போட்டுக்கங்க."

ஒருவர் திற என்கிறார், இன்னொருவர் மூடு என்கிறார். வெளியே அந்தப் புகையை அனுப்புகிறவனிடம் நிறுத்து என்று சொல்ல மட்டும் ஒருவரும் இல்லை. நான் மேசையில் கையை ஓங்கி அடித்துவிட்டேன். காவலுக்கு நின்றவர் வந்து என் தோளைத் தொட்டார். "வாய்யா, போலாம்" என்று என் மனைவிதான் என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சை ஆற்றிக்கொண்டாள். பிறகு, "தங்கச்சி வூட்டுக்குப் போறேன்" என்றாள்.

அவள் தங்கை இருப்பது புழலில். மறுநாளே தையல் மிஷினை ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி அனுப்பினோம். அங்கே அவளுக்கு ஏசி இல்லை. ஒரு மின்விசிறி, திறந்த ஜன்னல். இரண்டாவது வாரம் நான் போனபோது மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறி எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். சந்தோஷமாக இருந்தது, ஆத்திரமும் வந்தது. அங்கே அவளிடம் ஜாக்கெட் தைக்க வந்தவர்கள் இதுவரை மூன்றே பேர்.

நான் மட்டும் திருவொற்றியூரில் இருக்கிறேன், வேலை இங்கே. போன ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். எண்ணூரை ஒட்டின காத்திவாக்கத்தில், முகத்துவாரத் தண்ணீரில் இறங்கி இறால் பிடிக்கிறவள். மகள் சடங்குக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கிப் போக வந்திருந்தாள்.

"அக்கா எங்கண்ணா?"

"புழல்ல தங்கச்சி வூட்ல கீதும்மா. இங்க மூச்சு முட்டுது. ஜாக்கெட்டு தச்சி வெச்சிட்டுத்தான் போச்சி, எடுத்தாறேன்."

அவள் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஈரம் ஏறிவிடுமே என்று நான் அதை நிறுத்துவதில்லை. பேசும்போது அவள் நெஞ்சிலும் அந்த விசில் கேட்டது.

"ஏசி போட்ட வூட்லயே இருக்க முடியாம அக்கா போயிடுச்சின்னா," என்றாள், "நாங்க இன்னாண்ணா பண்றது?"

நான் ஜாக்கெட்டைக் கொடுத்தேன். அவள் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வடக்கே போகிற பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.